அவரும் நடந்துதான் வந்திருக்கார்

ஓம் சரவணபவ!

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது. ‘குழந்தை வளர்ப்பு பத்தி எங்ககிட்ட ஏன் பேசறீங்க?’ன்னு கேட்கலாம். ஆனா வீட்டில் அக்கா குழந்தையோ, அண்ணன் குழந்தையோ, சின்னத் தம்பி தங்கையோ இருப்பாங்க. நாம பேசறதை எல்லாம் அவங்க கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க.

என் மனசில் ரொம்ப நாளா ஒரு கேள்வி. தப்பு எது, சரி எதுன்னு குழந்தைக்குச் சொல்லியே ஆகணும். அதே சமயம், தப்பு செய்தவங்களை அது இளக்காரமாப் பார்க்கவும் கூடாது. ரெண்டையும் சேர்த்து எப்படிச் சொல்லித் தருவது?

ஒரு தைப்பூசத்துக்குக் குடும்பமாகப் பழநிக்குப் பாதயாத்திரை போனோம். வழியில் நீர்மோர்ப் பந்தல் பக்கத்தில் பச்சை வேட்டி கட்டிய ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். கிட்டப் போனாலே மது வாடை. எல்லாரும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு விலகிப் போனாங்க. அக்கா பையனுக்கு அப்போ ஆறு வயசு. சத்தமாவே கேட்டான்: “அம்மா, குடிச்சவங்களை முருகன் உள்ளே விடுவாரா?”

அக்கா சொன்னாள்: “விடறதும் விடாததும் முருகன் பாடுடா. குடிக்கிறது தப்புதான். அதுக்காக இவர் தாகத்தோட உட்கார்ந்திருக்கணுமா? இவரும் நம்மள மாதிரி நடந்துதான் வந்திருக்கார்.” சொல்லிட்டு ஒரு டம்ளர் மோரை வாங்கி அவர்கிட்ட நீட்டினாள்.

குடிப்பது சரின்னு அவள் சொல்லவே இல்லை. செயலுக்கு ஒரு பேர் வைத்தாள், ஆளுக்கு வைக்கவில்லை. என் கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதில் இதுதான். “அவன் திருடன்” வேறு, “அவன் உன் பென்சிலை எடுத்துட்டான்” வேறு. முதல் வாக்கியத்தில் அந்தப் பையனோட கதையே முடிஞ்சுபோகுது. இரண்டாவதில் அவன் நாளைக்குப் பென்சிலைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கு.

நம்ம கந்தன் கதையும் இதைத்தானே சொல்லுது? திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தைத் தோளில் உட்கார்ந்து பார்க்கிற குழந்தை, சூரன் தலை விழும்போது கை தட்டுது. பல வீட்டில் கதையை அதோட முடிச்சுடறோம். மீதியையும் சொல்லுங்க. மாமரமாக நின்ற சூரனை வேல் பிளந்தது. ஒரு பாதி மயிலாச்சு, மறு பாதி சேவலாச்சு. முருகன் அவன் செய்த கொடுமையைத் தடுக்காமல் விடவில்லை, போரிட்டார். ஆனா அவனைத் தூக்கி எறியவும் இல்லை. ஒரு பாதியை வாகனமாக்கினார், மறு பாதியைக் கொடியில் வைத்தார்.

‘இப்படி வளர்த்தா குழந்தை ஏமாந்து போயிடாதா?’ன்னு சிலர் கேட்பாங்க. நியாயமான கேள்வி. தெரியாதவங்க கூப்பிட்டா போகக் கூடாது, யாராவது அடிச்சா, தப்பாத் தொட்டா உடனே வந்து சொல்லணும். இதெல்லாம் கண்டிப்பாச் சொல்லித் தரணும். ஒருத்தர்கிட்ட இருந்து விலகி நிற்க, அவரை இழிவா நினைக்கணும்னு அவசியம் இல்லையே.

இதில் நம்ம வீட்டுக் குழந்தைக்கே பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சையில் ஃபெயில் ஆனா “உருப்படாதவன்”னு நாம சொல்றதை அது கேட்குது. பதினைந்து வயசில் அதுவே ஃபெயில் ஆகும்போதோ, ஆன்லைன் கேமில் பணத்தை விடும்போதோ, யார்கிட்ட வந்து சொல்லும்? நாம மத்தவங்களுக்கு என்ன பேர் வைத்தோம்னு அதுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். அதனால நம்மகிட்ட வராது. அந்த மௌனம்தான் எனக்குப் பயமா இருக்கு.

சின்ன வயசில் சென்னைக் கந்தகோட்டத்து முருகனைப் பாடி உருகிய வள்ளலார், 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசின்னு வருகிறவரிடம் சாதி, மதம் கேட்பதில்லை. சாப்பிடத் தகுதி இருக்கான்னும் பார்ப்பதில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரியுது. குழந்தையை ஒரு தடவை அங்கே கூட்டிட்டுப் போய், பந்தியில் பரிமாற விடுங்க. நம்ம அறிவுரையை விட அது மனசில் நல்லாப் பதியும்.

அதுவரைக்கும் நம்ம வாயைக் கொஞ்சம் கவனிப்போம். சஷ்டி விரதத்தில் ஒருத்தர் டீ குடிச்சுட்டார்னு, கோயிலுக்கு ஒரு பொண்ணு போட்டு வந்த டிரெஸ் சரியில்லைன்னு ரீல்ஸ் பார்த்துக்கிட்டே கமெண்ட் அடிக்கிறோமே, பக்கத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்கு. அவர் உடம்புக்கு என்னவோ, அந்தப் பொண்ணு எந்த வேண்டுதலோட வந்தாளோ, நமக்கு என்ன தெரியும்? அவங்க மனசு அவனுக்குத் தெரியும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!