பொம்மைக்காக அழுகிறவர்கள்

பொம்மைக்காக நீங்கள் அழுதிருக்கிறீர்களா? தென்மாவட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தோல்பாவைக் கூத்தில் நல்லதங்காள் கதை பார்த்தவர்கள் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.

பன்னிரண்டு வருஷம் மழை இல்லாத மானாமதுரையிலிருந்து ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி அர்ச்சுனாபுரத்துக்குப் போகிறாள் நல்லதங்காள். வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் கோடு போட்டால், அது தென்மாவட்டச் சீமையைத் தொட்டுக்கொண்டு போகும். கண்மாய் வறண்டு சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும் வருஷங்களைப் பார்த்த பூமி அது. அங்கே பஞ்சம் என்பது வெறும் கதை இல்லை.

அண்ணன் இல்லாத நேரம். அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்டுகிறாள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். பிறகு சிவன் வந்து எழுப்புவதாகவும் சொல்வார்கள். மார்க்வெஸ் நாவலில் ஒரு பெண் படுக்கை விரிப்புகளோடு வானத்தில் பறந்து போவாளே, அது மாதிரி. எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் திரையில் அசைவது ஆட்டுத்தோல். எல்லாக் குரலும் ஒரே ஆளுடையது. பிறகு அழுகை எங்கிருந்து வருகிறது?

பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலையும் படம் பிடித்துக் கோப்பதுதான் ஸ்டாப் மோஷன். திரையில் ஒரு விநாடிக்கு 24 படம் ஓட வேண்டும். செக் நாட்டு யிர்ஷி ட்ரன்கா 1965-ல் அப்படி எடுத்த படம் ‘கை’. ரோஜாச் செடிக்குத் தொட்டி செய்கிற ஒரு குயவன். ராட்சதக் கை ஒன்று வந்து, தன் சிலையைச் செய்யச் சொல்லி மிரட்டுகிறது. குயவன் முகம் மாறவே மாறாது. ஆனாலும் அதில் பயத்தைப் பார்க்கிறோம். அந்த பயத்தை வைப்பது யார்? நாம்தான்.

அப்படியென்றால், செத்த தோலுக்கும் மரத்துக்கும் உயிர் கொடுக்கத் தெரிந்த நமக்கு, உயிரோடு வாசலில் நிற்கிறவர் முகம் மட்டும் ஏன் மரமாகத் தெரிகிறது?

காரணம் லேசானது. பொம்மை நம்மிடம் சோறு கேட்காது. கண்ணீரோடு கணக்குத் தீர்ந்துவிடும். வேலை போய், பிள்ளைகளோடு வந்து நிற்கும் தங்கையோ நாத்தனாரோ கேட்பார்கள். அப்போது நமக்கு வாடகை ஞாபகம் வரும், ஸ்கூல் ஃபீஸ் ஞாபகம் வரும்.

கூத்தில் அழுததை பொய் என்று சொல்ல மாட்டேன். இரக்கம் நம்மிடம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் கூத்து பார்த்த எல்லோரும் மூளி அலங்காரியைத் திட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மூளி அலங்காரியும் யாரோ ஒரு பொம்மைக்காக அழுதவளாக இருக்கலாம், இல்லையா?