பல்லும் பிழைப்பும்



பல் கெட்டுப் பிழைப்பும் கெட்டவனைப் பார்த்து, "அது உன் குற்றந்தான்" என்று சொல்ல நமக்கு நியாயமுண்டா? சென்ற மாதம் நான் ஒருவரிடம் ஏறக்குறைய அப்படிச் சொன்னேன். பிறகுதான் யோசிக்கலானேன்.

அவர் நேரு வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர். மேல்வரிசைப் பல் ஒன்றில் சொத்தை விழுந்து வலியெடுத்தது. கிராம்புத் தைலம் வைத்தார். பிறகு யாரோ சொன்னார்களென்று புகையிலையை அடக்கிக்கொண்டார். (வலிக்கு மருந்தென்று வாய்க்குள் போகிற புகையிலை, வலி போனாலும் வெளியே வருவதில்லை. அது புற்றுநோய்க்கு வித்து. வெறும் பாக்குமே அந்நோயைத் தருமென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் தீர்த்துச் சொல்லிவிட்டது.) கடைசியில் கோரிமேட்டுக்குப் போனார். 1990-ல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. வேர் சிகிச்சை செய்தால் பல் பிழைக்கும், ஆனால் மூன்று நான்கு தரம் வரவேண்டும் என்றார்கள். பிடுங்குவதற்கோ ஒரே காலை போதும். அவர் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் சம்பளம் பிடிப்பு. பிடுங்கச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் பக்கத்துப் பல்லும் அப்படியே போயிற்று.

அதன்பின் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார். புடவை விரிக்க இரண்டு கையும் வேண்டுமே! வாடிக்கைக்காரர் முகஞ்சுளிக்கிறார்களென்று முதலாளி அவரைக் கிடங்குக்கு அனுப்பினார். விற்பனைக் கமிஷன் நின்றுபோயிற்று.

புயலில் அகப்பட்டவன் கப்பல் சரக்கைக் கடலில் எறிகிறான். தன் மனதோடுதான் எறிகிறான். ஆனால் அமைதியான கடலில் எறிவானா? அரிஸ்டாட்டில் சொன்ன இந்த உதாரணத்தை எடுத்து அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் விளக்குகிறார். நம்முடைய மனிதரும் பல்லை அப்படித்தான் எறிந்தார். அவர் சம்மதித்தது மெய். புயலை எழுப்பியவர் அவரல்லர். கூலி, ஒழுங்காய் நடக்கும் தொழிலாளியின் ஜீவனத்துக்குப் போதுமானதாயிருக்க வேண்டுமென்று 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் எழுதினார். சோற்றை மெல்லுகிற பல் அந்த ஜீவனத்தில் சேராதா?

இரவில் பல் துலக்கிப் படுக்கப் பெருஞ்செலவு இல்லை. அதைச் சோம்பலால் விடுகிறோமே, அந்தப் பங்கு அவரவருடையதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கடைவாய்ப் பல்லுக்காக நான் நான்கு காலை வைத்தியரிடம் போய்வந்தேன். ஒருவரும் என் படியில் ஒரு காசு பிடிக்கவில்லை. அந்தப் பல்லை வைத்துக்கொண்டுதான் அவரிடம், "நேரத்தோடு பார்த்திருக்கலாமே" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கை மட்டும் வாய்க்குப் போயிற்று.

பல்செட்டுக்கு அச்செடுக்க வருகிற செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். முதலாளியிடம் நானே போய்ப் பேசினேன். "போய்வரட்டும் சாமி" என்றார். சம்பளம் பிடிப்பீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.