ஆண்டு இல்லாத முத்திரை

அமெரிக்க அரசு நாடு முழுவதற்குமான தன் முதல் தபால்தலைகளை வெளியிட்டது 1847 ஜூலை 1 அன்று. ஐந்து சென்ட் தலையில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், பத்து சென்ட் தலையில் ஜார்ஜ் வாஷிங்டன். முன்னது செம்பழுப்பு, பின்னது கறுப்பு. அரை அவுன்ஸ் கடிதம் 300 மைலுக்குள் போக ஐந்து சென்ட், அதைத் தாண்டினால் பத்து. நான்கே ஆண்டுகள்தான். 1851 ஜூலை 1 முதல் இரண்டுமே செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்.

அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் விலை எனக்கு நினைவுக்கு வருவதில்லை. அன்று தபால்தலை ஒட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கடிதத்தைப் பெறுகிறவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வதுதான் காலங்காலமான வழக்கம். அனுப்புகிறவரே கட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கியது 1855 ஏப்ரலில். ஆகவே 1847-ஆம் ஆண்டுத் தலை ஒட்டிய ஒவ்வோர் உறையும், எழுதியவர் தாமாக முன்வந்து ஏற்றுக்கொண்ட செலவு. என் கடிதம் உங்களுக்குச் சுமையாக வர வேண்டாம் என்ற எண்ணம் அதில் இருந்திருக்கலாம். வியாபாரக் கடிதம் என்றால் வெறும் மரியாதையாக இருந்திருக்கலாம். எதுவானாலும் அந்தப் பழுப்புத் துண்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் எடுத்த முடிவு இருக்கிறது. கட்டாயம் வந்த பிறகு ஒட்டிய தலைகளில் அது இல்லை.

*

என்னிடம் இருப்பது அந்த 1847 தலை அல்ல. அதற்கு அடுத்து 1851-இல் வந்த மூன்று சென்ட் தலை. அரிதானதே அல்ல. கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள், இன்றும் சில டாலருக்குக் கிடைக்கிறது. இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

மங்கிய செங்கல் சிவப்பு. நடுவே நீள்வட்டத்துக்குள் இடப்பக்கம் பார்க்கும் வாஷிங்டன். நான்கு மூலைகளிலும் நான்கு சிறு பூக்கள். ஓரத்தில் துளைகள் கிடையாது. துளையிட்ட தலைகள் 1857-இல்தான் வந்தன. அதுவரை தபால் ஊழியர் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தார். தலைக்கும் தலைக்கும் நடுவே விட்டிருந்த இடமோ மிகக் குறைவு. அவசரத்தில் வெட்டினால் ஒரு பக்கம் படத்துக்குள்ளேயே கத்தரி இறங்கிவிடும். நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் தப்பிய தலையைச் சேகரிப்பவர்கள் தேடி அலைவது அதனால்தான். என்னுடையதில் மூன்று பக்கம் தப்பியிருக்கிறது. வலப்பக்கத்தில் சட்டக்கோட்டின் கீழ்ப்பாதி போய்விட்டது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்தால் இன்னொன்று தெரிகிறது. இடது சட்டக்கோடு ஒரே கோடு அல்ல. மேலிருந்து இறங்கி வந்து, பாதிக்கு மேல் இம்மியளவு வெளியே நகர்ந்து, மறுபடி நேராகிறது. ஒரு கை அங்கே நின்று, உளியைத் தூக்கி, மீண்டும் வைத்திருக்கிறது.

அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அன்றைய முறையில் படத்தை எஃகுக் கட்டையில் ஒரே ஒரு முறைதான் செதுக்குவார்கள். அதைக் கடினப்படுத்தி, மென்மையான எஃகு உருளை ஒன்றின் மேல் அழுத்தி எடுப்பார்கள். பிறகு அந்த உருளையைக் கடினப்படுத்தி, அச்சுத்தகட்டின் மேல் 200 இடங்களில் உருட்டி அழுத்துவார்கள். இடப்பக்கம் நூறு, வலப்பக்கம் நூறு. எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் மூன்று சென்ட் தலையில் சட்டக்கோடுகள் தகட்டில் சரியாகப் பதியவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் டோப்பன், கார்பென்டர், கேஸிலியர் நிறுவனத்தின் செதுக்குநர்கள் தகட்டின் முன் உட்கார்ந்து, ஒவ்வோர் இடத்திலும் கோடுகளைக் கையாலேயே மறுபடி கீறினார்கள். கை ஒன்றுபோல இன்னொரு முறை கீறாது. எனவே ஒரு தகட்டிலிருந்து வந்த 200 தலைகளும் 200 விதம்.

*

டாக்டர் கேரல் சேஸ் ஒரு மருத்துவர். இந்த மூன்று சென்ட் தலையை எடுத்துக்கொண்டு, உதிரியாகக் கிடைத்த ஒவ்வொரு தலையும் எந்தத் தகட்டில், எந்தப் பக்கத்தில், எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்க முனைந்தார். அச்சுத்தகடுகள் கையில் இல்லை. முழுத் தாள்களும் இல்லை. இருந்ததெல்லாம் உலகெங்கும் சிதறிக் கிடந்த உபயோகித்த தலைகள். இரண்டு தலைகள் வெட்டப்படாமல் சேர்ந்திருந்தால் ஒன்றின் பக்கத்தில் எது என்று தெரியும். மூன்றாகச் சேர்ந்த துண்டு கிடைத்தால் இன்னும் ஓர் அடி. கீழே ஒன்று ஒட்டியிருந்தால் அடுத்த வரிசைக்கு இறங்கலாம். இப்படியே ஒவ்வொரு தகடாகக் கட்டி எழுப்பினார். அவருடைய நூல் 1929-இல் வந்தது, திருத்திய பதிப்பு 1942-இல். அதே காலத்து ஒரு சென்ட் நீலத் தலைக்கு இதே உழைப்பைக் கொடுத்தவர் ஸ்டான்லி ஆஷ்புரூக்.

அந்த நீலத் தலையின் முதல் தகட்டில் ஒரு விசேஷம். ஃபிராங்க்ளின் படத்தைச் சுற்றியுள்ள சுருள் வேலைப்பாடு முழுமையாக விழுந்தது 200 இடங்களில் ஒரே ஓர் இடத்தில்தான். மற்றவற்றில் மேலேயோ கீழேயோ கொஞ்சம் குறைந்திருக்கும். வலப்பக்கத்து ஏழாவது இடம், முதல் தகடு, அதன் தொடக்க நிலை. சேகரிப்பவர்கள் இதைச் சுருக்கி 7ஆர்1ஈ என்கிறார்கள். மற்ற 199-இன் விலையோடு ஒப்பிட முடியாத விலை அதற்கு. யாரும் அதை அரிதாக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. அது மட்டும் வேறு என்று யாரோ ஒருவர் பார்க்கும் வரை, அதுவும் ஒரு சென்ட் தலைதான்.

அரிய தலைகள் பற்றி நான் கடைசியாக வந்து நிற்கும் இடம் இதுதான். சாதாரணத் தலையை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள் இல்லாவிட்டால் அரிய தலை என்று ஒன்று தெரியவே வராது. ஏலத்தில் கையைத் தூக்குகிறவரை ஊர் பார்க்கிறது. அவர் எதற்காகக் கையைத் தூக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் சேஸ், ஆஷ்புரூக் போன்றவர்கள். எனக்கு அவர்கள் மேல்தான் பக்தி.

*

என் தபால்தலையின்மேல் விழுந்திருப்பது வட்டமான கறுப்பு முத்திரையின் ஒரு பகுதி. ஊர்ப் பெயரில் "நியூ" என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும். நியூயார்க், நியூ ஹேவன், நியூ ஆர்லியன்ஸ், நியூ பெட்ஃபோர்ட், எதுவாகவும் இருக்கலாம். அதன் கீழ் மாதம் தெரிகிறது, தேதி தெரிகிறது. ஆண்டு இல்லை.

பாதி அழிந்துவிட்டதால் அல்ல. அந்தக் காலத்து முத்திரைகள் பலவற்றில் ஆண்டே கிடையாது. கடிதம் என்றைக்குப் புறப்பட்டது என்பது அலுவலகத்துக்குத் தேவைப்பட்டது. எந்த ஆண்டு என்று யாருக்குச் சந்தேகம் வரப்போகிறது?

ஆண்டைக் கண்டுபிடிக்க நிறம் உதவுகிறது. 1851-இல் முதலில் வந்தவை ஆரஞ்சு கலந்த பழுப்பு. பிறகு சிவப்பின் பல சாயல்கள். 1857 வாக்கில் திராட்சை ரச நிறத்துக்கு நெருக்கமாக வருகிறது. ஆண்டு தெரிந்த உறைகளை வரிசையாக வைத்து, எந்த ஆண்டில் எந்தச் சாயல் என்று பழகிக்கொண்ட கண், உதிரித் தலையைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடும். பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கில் எல்லாச் சிவப்பும் ஒன்றுதான்.

ஆண்டு தெரிந்த உறை என்றேன். அது இல்லாவிட்டால் இந்த அறிவு எதுவும் இல்லை. ஆல்பத்தில் ஒட்டுவதற்காகத் தலையை மட்டும் வெட்டி எடுத்து, உறையையும் கடிதத்தையும் தூக்கி எறிந்த காலம் ஒன்று உண்டு. எத்தனை சாட்சிகள் அப்படிப் போயின என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

*

1861-இல் உள்நாட்டுப் போர். தென் மாநிலங்களின் தபால் அலுவலகங்களில் கட்டுக்கட்டாக ஃபெடரல் தலைகள் கிடந்தன. பிரிந்து போனவர்கள் அவற்றை விற்றுக் காசாக்கிவிடக் கூடாது என்று வாஷிங்டன் அரசு புதுத் தலைகளை வெளியிட்டு, பழையவற்றைச் செல்லாததாக்கியது. மாற்றிக்கொள்ளக் கொடுத்த அவகாசம் குறைவு. விவரம் தெரியாமல் பழைய தலையை ஒட்டிப் போட்டவர்களின் உறைகளில் ஃபிலடெல்ஃபியா அலுவலகம் ஒரு முத்திரை குத்தியது: பழைய தலைகள் ஏற்கப்படா. என் மூன்று சென்ட் தலையின் வகையும் அத்தோடு முடிந்தது. தெற்கே போகும் ஃபெடரல் தபால் சேவை அதற்கு முன்பே மே 31-ஆம் தேதியோடு நின்றிருந்தது. அதன்பின் தெற்கு முகவரிக்குப் போட்ட கடிதங்கள் "தபால் நிறுத்தப்பட்டது" என்ற முத்திரையோடு திரும்பி வந்தன.

தெற்கில் காகிதப் பஞ்சம். வந்த உறையைப் பிரித்து, உள்பக்கத்தை வெளிப்பக்கமாக மடித்து, மறுபடி அனுப்பினார்கள். சுவருக்கு ஒட்டும் பூக்காகிதத்தை வெட்டி உறை செய்தார்கள். வெளியே முகவரி, உள்ளே யாரோ வீட்டுக் கூடத்துப் பூக்கள். விலை உயர்ந்த எந்தத் தலையையும்விட இந்த உறைகளில் என் மனம் அதிகம் நிற்கிறது.

*

முத்திரையிலும் ஒரு கை தெரிந்த ஊர், கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி. அங்கே தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த ஜான் ஹில், தலையை ரத்து செய்யும் முத்திரைகளைத் தக்கையில் தாமே செதுக்கினார். தக்கை சீக்கிரம் தேய்ந்துவிடும். தேயத் தேயப் புதிதாக ஒன்று. அவற்றில் பேர்பெற்றது ஓடும் கோழி, 1869-இல் செதுக்கியது. அரசு கேட்டது தலையை மறுபடி பயன்படுத்த முடியாதபடி மை பூசுவதை மட்டும்தான்.

*

அதே கவலைதான் ஒரு சென்ட் 'இசட் கிரில்' தலையையும் உண்டாக்கியது. முத்திரை மையைக் கழுவிவிட்டுத் தலையை மறுபடி ஒட்டிவிடுவார்களோ என்ற பயம். சார்லஸ் ஸ்டீல் 1867-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, காகிதத்தில் சிறு சிறு புள்ளிகளாக அழுத்தி இழைகளை உடைத்தார்கள். மை உள்ளே ஊறிவிட்டால் கழுவ முடியாது. அந்தப் புள்ளிக் கட்டம்தான் கிரில்; அதன் அளவிலும் வடிவிலும் பல வகைகள். அதில் 'இசட்' வகை அமைந்த ஒரு சென்ட் ஃபிராங்க்ளின் தலைகள் இரண்டு மட்டுமே அறியப்பட்டுள்ளன. ஒன்று நியூயார்க் பொது நூலகத்துக்குச் சொந்தம். மற்றொன்று 2024 ஜூனில் 43 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

முன்பக்கம் பார்த்தால் நீல ஃபிராங்க்ளின், அவ்வளவுதான். வித்தியாசம் முழுவதும் காகிதத்தின் முதுகில் தடவினால் உணரும் மேடுபள்ளத்தில். அதைக் கண்டு பிரித்தறிந்தவரின் பொறுமையை வணங்குகிறேன். ஆனால் அந்தத் தலையின் முன் நின்றாலும் என் மனம் அசையாது என்றே நினைக்கிறேன். அது யாருடைய கடிதத்தில் இருந்தது என்பது போய்விட்டது.

*

மாறாக, அலெக்சாண்ட்ரியாவின் நீலத் தலை. அரசுத் தலை வருவதற்கு முன், 1845-இலிருந்து சில ஊர்களின் போஸ்ட்மாஸ்டர்கள் தாங்களே தலை அச்சிட்டு விற்றார்கள். வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் போஸ்ட்மாஸ்டர் டேனியல் பிரையன் வெளியிட்டது 1846-இல். படம் கிடையாது. அச்சுக்கூடத்தில் இருந்த எழுத்துகளை வட்டமாகக் கோத்து, சுற்றிலும் சிறு பூக்களை அடுக்கி, நடுவே "ஐந்து, செலுத்தப்பட்டது" என்று போட்டிருக்கிறார்கள். ஏழே ஏழு தலைகள் இன்று உள்ளன. நீலக் காகிதத்தில் ஒன்றுதான். அது இன்னும் தன் உறையிலேயே இருக்கிறது.

1847 நவம்பரில் ஜேம்ஸ் ஹூஃப், ரிச்மண்டில் இருந்த ஜேனட் பிரவுனுக்கு எழுதிய காதல் கடிதம் அது. இருவரும் தூரத்து உறவினர். குடும்பங்கள் வெவ்வேறு திருச்சபை, இந்த விஷயம் வெளியே தெரியக் கூடாது. கடிதத்தின் கடைசியில், வழக்கம்போல் எரித்துவிடு என்று கேட்டிருக்கிறார் ஜேம்ஸ். வழக்கம்போல் என்றால், முன்பும் பல கடிதங்கள் எரிந்திருக்க வேண்டும். இதை மட்டும் ஜேனட் எரிக்கவில்லை. 1853-இல் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. 1907-இல் ஜேனட்டின் தையல் பெட்டியில் அவர்கள் மகள் இதைக் கண்டெடுத்தார். அன்று 3,000 டாலர். 2019-இல் 11 லட்சத்து 80 ஆயிரம்.

1847 என்பதும், யார் யாருக்கு எழுதியது என்பதும் நமக்குத் தெரிவது தலை, உறை, கடிதம் மூன்றும் ஒன்றாகத் தப்பியதால். மகள் அந்தத் தலையை மட்டும் வெட்டி ஒரு வியாபாரியிடம் கொடுத்திருந்தால், அப்போதும் அது விலை போயிருக்கும். அலெக்சாண்ட்ரியா, நீலம், ஒன்றே ஒன்று என்று கேட்லாக்கில் ஒரு வரி இருந்திருக்கும். எரிக்கச் சொன்னவரும் எரிக்காமல் வைத்தவரும் அந்த வரியில் இருந்திருக்க மாட்டார்கள்.