யாருடைய வேகம்?

இருவர் ஒன்றாக ஓடினார்கள் என்று சொல்லும்போது நாம் எதைச் சொல்கிறோம்? ஒரே வேளையில் ஒரே சாலையில் ஓடுவதையா? அதை ஆயிரக்கணக்கானோர் செய்கின்றனர். ஒருவருக்காக மற்றவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்வதையா? அப்படியானால் அங்கே ஓடுபவர் ஒருவரே. மற்றவர் துணைக்குச் செல்கிறவர். இல்லறத்தைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். எங்களுக்கு அது ஜப்பான் நாட்டில், காலும் மனமும் களைத்திருந்த ஒரு நண்பகலில் எழுந்தது.

2024 மார்ச் 3 அன்று நடந்த டோக்கியோ மாரத்தான் ஓட்டத்தில், சுற்றுலாப் பயணிகளாகச் சென்றிருந்த நாங்கள் கணவனும் மனைவியுமாகக் கலந்துகொண்டோம். குலுக்கலில் இருவருக்கும் இடம் கிடைத்தது நல்லூழ்தான். 2007 முதல் நடைபெற்றுவரும் அவ்வோட்டம் ஷின்ஜுகுவில் உள்ள பெருநகர அரசு மாளிகையின் முன் தொடங்கி, டோக்கியோ ரயில் நிலையத்தின் அருகே முடிகிறது. தொலைவு 42.195 கிலோமீட்டர், ஏழு மணி நேரம் கெடு. இடையிலும் சில இடங்களைக் குறித்த நேரத்துக்குள் கடந்தாக வேண்டும். பிந்துவோர் அத்துடன் நிறுத்தப்படுவர். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓடினர். இருமருங்கும் நின்ற மக்கள், முயன்று செல்க என்னும் பொருளில், 'கம்பரே, கம்பரே' என்று முழங்கினார்கள். நம் கவிச்சக்கரவர்த்தியை அவர்கள் ஏன் இப்படி அழைக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே பாதித் தொலைவைக் கடந்தோம்.

எங்களில் ஒருவர் விரைந்து ஓடக்கூடியவர். தனியே ஓடினால் நாலரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். மற்றவருக்கு ஆறு மணி நேரமும் போதாது. எவர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. வாசகர் மனத்தில் அதற்குள் ஒரு படம் எழுந்திருக்கும். அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கதே.

முப்பதாவது கிலோமீட்டரை நெருங்குகையில், மெல்ல ஓடுபவர் மற்றவரை முன்னே போகச் சொன்னார். விரைபவர் மறுத்தார். மறுத்ததை அன்பென்றே அவர் கருதினார். ஆனால் அந்த மறுப்பு மற்றவரைச் சினங்கொள்ளச் செய்தது. அடுத்த மூன்று கிலோமீட்டரும் ஒரு சொல்லும் பேசாமல் அருகருகே ஓடினோம். சாலையின் எதிர்ப்பக்கத்தில், எங்களுக்கு முன்னே சென்று திரும்பியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். விரைபவரின் கண் அவர்கள் பக்கம் சென்றதை மற்றவர் பார்த்தார். பார்த்ததை விரைபவரும் அறிந்தார்.

காத்திருப்பவரின் பாரம் எல்லாருக்கும் தெரிகிறது. அவருடைய பொறுமையை உலகம் பாராட்டுகிறது. அவரும் உள்ளூரத் தம்மைப் பாராட்டிக்கொள்கிறார். யாருக்காகக் காத்திருக்கிறார்களோ, அவருடைய பாரத்தை எவரும் எடை போடுவதில்லை. அவர் தம் களைப்போடு மற்றவருடைய இழப்பையும் சேர்த்துச் சுமக்கிறார். ஒவ்வொரு அடியிலும் கடன் ஏறுகிறது. அது கேட்டு வாங்கிய கடனுமன்று. நோயுற்ற கணவரின் படுக்கையருகே வேலையைத் துறந்து அமர்ந்திருக்கும் மனைவியைப் புகழ்கிறோம். படுத்திருப்பவரிடம், இந்தத் தியாகத்தைப் பெற்றுக்கொள்வது எப்படி இருக்கிறது என்று யார் கேட்கிறோம்?

சிலப்பதிகாரத்தில் புகாரை விட்டுப் புறப்பட்ட சிறிது தொலைவிலேயே மூச்சு வாங்கிய கண்ணகி, மதுரை எங்கே என்று கேட்கிறாள். அது பக்கந்தான் என்னும்படி கோவலன் நகைத்து விடை சொல்கிறான். நெடுவழியில் எல்லாத் துணைவரும் சொல்லும் பொய் அது. நாங்களும் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொண்டோம். டோக்கியோவில் மட்டும் அது எடுபடவில்லை. கிலோமீட்டருக்கு ஒரு பலகை வைத்திருந்தார்கள்.

ஜப்பானியப் பள்ளிகளின் விளையாட்டு விழாக்களில் ஓர் ஓட்டம் உண்டு. இருவரை அருகருகே நிறுத்தி, ஒருவரின் வலக்காலையும் மற்றவரின் இடக்காலையும் சேர்த்துக் கட்டி ஓடவிடுவார்கள். 'நினின் சங்க்யாகு' என்பது அதன் பெயர். 'இருவர், மூன்று கால்கள்' என்று பொருள். கணவனும் மனைவியும் ஒருமித்துத் தொழிலோ குடும்பமோ நடத்துவதைக் குறிக்கவும் அம்மக்கள் அதே தொடரை வழங்குகிறார்கள். நம் ஊர்ப் பள்ளிகளிலும் இவ்விளையாட்டு உண்டு. அதை இல்லறத்துக்கு உவமையாக்க நமக்குத்தான் தோன்றவில்லை. கட்டிய அந்த நடுக்கால் இருவரில் ஒருவருக்கும் முழு உரிமையன்று. வலியவர் தம் வேகத்துக்கு இழுத்தால் இருவரும் விழுவர். மெலியவருக்காக வலியவர் காலை வைத்துக்கொண்டு காத்து நின்றாலும் விழத்தான் வேண்டும். இருவருக்கும் பழக்கமில்லாத மூன்றாவது ஒரு நடையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அப்படி ஒன்றைத்தான் முப்பத்து மூன்றாம் கிலோமீட்டருக்குப் பின் நாங்களும் கண்டோம். இருநூறு அடி ஓட்டம், நூறு அடி நடை. எண்ணிச் சொல்லும் பொறுப்பு மெல்ல ஓடுபவருக்கு. விரைபவருக்கு அந்தத் தாளம் எளிதாக இல்லை. ஓடிப் பழகிய காலுக்கு நின்று நின்று கிளம்புவது வேதனை. அவர் முகம் சுளித்தபோது மற்றவருக்குச் சற்று நிம்மதியாக இருந்ததாம். இது வன்மமன்று என்றே நினைக்கிறோம். முதல் தடவையாக இருவருக்கும் வலித்தது.

ஓடுவோரையும் துணை வருவோரையும் பற்றி எண்ணும்போது, பார்வையற்றோரும் பார்வை குன்றியோரும் ஓடும் மாரத்தானை மறக்க இயலாது. ஓடுபவரும் வழித்துணைவரும் ஒரு சிறு கயிற்றின் இரு முனைகளைப் பற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். 2016-இல் ரியோ நகரில் ஸ்பெயின் நாட்டு எலேனா கொங்கோஸ்த் தங்கமும், ஜப்பானின் மிசாத்தோ மிச்சிஷித்தா வெள்ளியும் வென்றனர். 2021-இல் டோக்கியோவில் மிச்சிஷித்தா தங்கம் வென்றார். 2024 செப்டம்பரில் பாரிஸில் கொங்கோஸ்த் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டரே இருக்கையில், அவருடைய வழித்துணைவர் தசைப்பிடிப்பால் தடுமாறி விழப்போனார். கொங்கோஸ்த் ஒரு கணம் கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கினார். மீண்டும் கயிற்றைப் பற்றிக் கோட்டைக் கடந்தார். கயிற்றை விட்டது விதிமீறல் என்று அன்று அவர் தகுதி நீக்கப்பட்டார். மூன்று நிமிடங்களுக்கும் மேல் பின்னால் வந்த மிச்சிஷித்தாவுக்கு மூன்றாமிடம் அளிக்கப்பட்டது.

இதில் மிச்சிஷித்தாவைக் குறை சொல்ல ஏதுமில்லை. விதியை எழுதியவர்களைக் கொடியவர் என்பதும் முறையன்று. ஓடுபவர் முறைகேடாக உதவி பெறாதிருக்கக் கயிறு வேண்டும். துணைவர் கோட்டை முந்திக் கடக்கக் கூடாது என்பதும் அதே நோக்கில் எழுந்த நல்ல விதிதான். ஆயினும் அவ்விதியின் அடியில் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. தாங்குபவர் எப்போதும் பார்வையுள்ளவர், தாங்கப்படுபவர் எப்போதும் மற்றவர் என்பதே அது. பார்வை குன்றியவரின் கை, விழும் மனிதரைத் தாங்க நீளும் என்று எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. இல்லங்களிலும் இப்படி எழுதாத விதிகள் இருக்கின்றன. வலியவர் இவர், மெலியவர் அவர் என்று திருமணமான முதலாண்டிலேயே தீர்ப்பாகிவிடுகிறது. பின்பு கை மாறிய நாள்களை எவரும் கணக்கில் வைப்பதில்லை. டோக்கியோவில் கடைசி ஐந்து கிலோமீட்டரில் தாளம் தவறிப் போனவர் விரைபவரே. எண்ணிக்கொண்டு வந்தவரின் குரலைப் பற்றிக்கொண்டுதான் அவர் கால்கள் நகர்ந்தன.

ஆறு மணி இருபத்து மூன்று நிமிடங்களில் முடித்தோம். இருவர் சேர்ந்து ஓடியதற்கென்று அங்கே தனிப் பட்டியல் இல்லை. எங்கள் பெயர்கள் தனித்தனியாக, தனித்தனி எண்களுடன் பதிவாகியுள்ளன. எங்களில் ஒருவர், அந்த முப்பதாம் கிலோமீட்டரில் பிரிந்திருந்தாலும் அது அன்புக்குக் குறையாகியிருக்காது என்று இன்றும் வாதிடுகிறார். மற்றவர் அதை ஒப்பவில்லை. வாதிடுபவர் விரைபவர் அல்லர்.