கோசேனில் சரிந்த கூரை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பீட்மான்ட் என்னும் சிற்றூருக்கு அருகே கோசேன் ஐக்கிய மெதடிஸ்ட் ஆலயம் இருந்தது. 1994 மார்ச் 27, குருத்தோலை ஞாயிறு. காலை ஆராதனைக்கு ஏறத்தாழ 140 பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் பங்கேற்ற ஈஸ்டர் நாடகம் நடந்துகொண்டிருந்தது. பதினொன்றரை மணி தாண்டிச் சில நிமிடங்களில் டொர்னாடோ என்னும் சுழற்காற்று ஆலயத்தைத் தாக்கியது. சுவர் சரிந்தது, கூரை அப்படியே கூட்டத்தின் மேல் இறங்கியது. 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் குழந்தைகள்.

ஆலயத்தின் போதகர் கெல்லி கிளெம் என்ற இளம் பெண். இறந்த குழந்தைகளில் ஒருத்தி அவருடைய மூத்த மகள்; வயது நான்கு. இரண்டு வயது இளைய மகள் அதே கட்டடத்தில், கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் அறையில் இருந்தாள்; பிழைத்துக்கொண்டாள். தோளிலும் தலையிலும் அடிபட்ட கெல்லி, இடிபாடுகளுக்கிடையே கிடந்தவர்களுக்கு உதவிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் டேல் கிளெமும் மெதடிஸ்ட் போதகர்தான். அன்று அவர் வேறு மாநிலத்தில் இருந்தார்.

கோசேன் என்பது வேதாகமப் பெயர். எகிப்தில் இஸ்ரவேலர் குடியிருந்த நாடு அது. யாத்திராகமத்தின்படி, பார்வோனின் தேசமெங்கும் கல்மழை கொட்டியபோது கோசேனில் மட்டும் ஒரு கல்லும் விழவில்லை. எகிப்தை இருள் மூடியபோது அங்கே மட்டும் வெளிச்சம் இருந்தது. அலபாமாவின் கிராமத்து ஆலயங்கள் பெத்தேல், சீயோன், கோசேன் என்று பெயர் சூட்டிக்கொண்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட எதிர்பார்ப்பு ஒன்று உண்டு: தேவனுடைய ஜனம் இருக்கும் இடத்தில் வாதை தொடாது. அந்த ஞாயிறன்று வாதை அந்தப் பெயர்ப் பலகையையும் தாண்டி உள்ளே வந்தது. ஊரார் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். மதுக்கடையில் விழுந்திருக்கலாமே, ஏன் ஆலயத்தில்? அதுவும் ஏன் குருத்தோலை ஞாயிறன்று?

காற்றைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு விடை எளிது. மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரமான வெப்பக்காற்று மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றைச் சந்திக்கும்போது இடிமேகங்கள் எழும்புகின்றன. தரையருகே ஒரு திசையிலும் உயரத்தில் வேறொரு திசையிலும் வேறொரு வேகத்திலும் காற்று வீசினால், அந்த மேகம் முழுவதுமே சுழலத் தொடங்கும். அப்படிப்பட்ட மேகத்திலிருந்துதான் பெரிய டொர்னாடோக்கள் இறங்குகின்றன. கோசேனைத் தாக்கியது ஃபுஜிட்டா அளவுகோலில் நான்காம் நிலை. மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம். அதன் பாதையில் வீடும் தோப்பும் ஆலயமும் ஒன்றுதான். ஆனால் கேள்வி கேட்டவர்கள் காற்றைப் பார்த்துக் கேட்கவில்லை.

பேரிடரில் தப்பித்தவர்கள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார். அதைச் சொல்பவர் வானிலை அறிக்கை வாசிக்கவில்லை, நன்றி சொல்கிறார். நன்றியாக அது முழு உண்மை. அதையே காரணமாக எடுத்துக்கொண்டால்தான் சிக்கல். பக்கத்து வீட்டில் செத்தவரை ஆண்டவர் ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி உடனே எழும். பக்கத்து வீடு என்றால், அவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்று மனம் ஏதோ ஒரு சமாதானம் தேடிக்கொள்ளும். கிளெம் குடும்பத்தில் அதற்கு வழியில்லை. ஒரே கூரை, ஒரே தாய், ஒரே ஜெபம். ஒரு மகள் பிழைத்தாள், ஒரு மகள் இறந்தாள். இளையவளைக் காத்த கை மூத்தவளை விட்டுவிட்டது என்று சொன்னால் அந்தக் கையை நேசிப்பது கடினம். மூத்தவளை ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று ஆறுதல் சொல்ல வருபவர்கள், அவர் எடுத்துக்கொள்வதற்குத் தேர்ந்த முறை செங்கல் சுவர் என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். அதை அவர்கள் கவனிப்பதில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி வேறு விடை வைத்திருந்தார். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று காலை, ஆலயங்கள் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் இடிந்தது, பிறகு கடல் ஏறியது, பிறகு தீ. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். வெஸ்லி அதே ஆண்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். பூமி அதிர்வதற்கு இயற்கைக் காரணம் மட்டுமே சொல்லித் திருப்தியடைவதை அவர் கண்டித்தார். அது மனந்திரும்பச் சொல்லித் தேவன் விடுத்த அழைப்பு என்று எழுதினார். லிஸ்பனில் நடந்த மதவிசாரணைக் கொடுமைகளையும் அவர் மறக்காமல் குறிப்பிட்டார். வெஸ்லி இரக்கமற்றவர் அல்லர். ஆனால் அவர் பேசியது தொலைவிலிருந்து, கத்தோலிக்கர்களின் நகரத்தைப் பற்றி. 239 ஆண்டுகள் கழித்து, இன்னொரு திருநாள் காலையில், இன்னொரு நிறைந்த ஆலயத்தில், அவர் வழிவந்த போதகர் ஒருவர் தம் குழந்தையை இடிபாட்டிலிருந்து வெளியே எடுப்பதைப் பார்க்க நேர்ந்தது. அங்கே நின்றுகொண்டு அதே விடையைச் சொல்ல முடியாது.

லிஸ்பன் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரைக் கவிதை எழுத வைத்தது. எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தை அவர் அதில் கிழித்தார். சிந்தனையாளர் ரூசோ 1756இல் அவருக்கு எழுதிய மடலில் கோணத்தை மாற்றினார்: ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கமாகக் கட்டியது இயற்கையல்லவே. இந்த வாதத்துக்குக் கோசேனிலும் வேலை இருக்கிறது.

தண்டனை என்ற விளக்கத்தை வேதாகமமே முழுமனதோடு ஏற்கவில்லை என்பது பலருக்கு மறந்துபோகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி லூக்கா நற்செய்தியில் பேச்சு வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை இயேசு அங்கேயே மறுக்கிறார். ஆனால் அவர்கள் ஏன் செத்தார்கள் என்று சொல்வதில்லை. மழையும் வெயிலும் நல்லவர், கெட்டவர் இருவருக்கும் பொது என்று மத்தேயுவில் வருவதும் இதே போக்குத்தான்.

யோபு புத்தகம் இன்னும் நெருக்கமானது. யோபுவின் பிள்ளைகள் ஒரே வீட்டில் விருந்துண்டுகொண்டிருக்கும்போது வனாந்தரத்திலிருந்து வந்த காற்று வீட்டின் நான்கு மூலையிலும் அடிக்கிறது. வீடு அவர்கள் மேல் விழுகிறது. கோசேனில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களில் நண்பர்களும் யோபுவும் வாதாடுகிறார்கள். பாவம் இல்லாமல் துன்பம் வராது என்பதே நண்பர்கள் சொல்லும் விளக்கத்தின் சாரம். கடைசியில் தேவன் பேசும்போது காற்றுக்குள்ளிருந்து பேசுகிறார். எபிரேய மூலத்தில் பிள்ளைகளைக் கொன்ற காற்றுக்கும் தேவன் பேசிய காற்றுக்கும் வெவ்வேறு சொற்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டையும் பெருங்காற்று என்றே சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் யோசித்துச் செய்தார்களோ இல்லையோ, தமிழில் யோபுவை வாசிப்பவர் இந்த இடத்தில் சற்றுத் தடுமாறவே செய்வார். காற்றுக்குள்ளிருந்து வந்த பேச்சிலும் பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்பதற்கு விடை இல்லை. விளக்கம் சொன்ன நண்பர்கள்தான் இறுதியில் கடிந்துகொள்ளப்படுகிறார்கள். கேள்வி கேட்ட யோபு அல்ல.

அமெரிக்கத் தென்மாநிலத்தாரின் நம்பிக்கையைப் பற்றி வெளியாருக்கு ஒரு முன்முடிவு உண்டு. 1972இல் ‘சயின்ஸ்’ இதழில் ஜான் சிம்ஸ், டுவேன் பாமன் என்ற இரு ஆய்வாளர்கள் இல்லினாய், அலபாமா பெண்களை ஒப்பிட்டு எழுதினார்கள். பாதி வாக்கியத்தைக் கொடுத்து மீதியைச் சொல்லச் சொன்னபோது, அலபாமாப் பெண்களின் பதில்கள் தேவனையும் அதிர்ஷ்டத்தையும் நோக்கிச் சாய்ந்தன. இல்லினாய்ப் பெண்கள் தம் முயற்சியையும் வானிலைச் செய்தியையும் நம்பினார்கள். தெற்கில் டொர்னாடோ சாவுகள் அதிகமாக இருப்பதற்கு இந்த விதிநம்பிக்கையும் காரணம் என்பது அவர்கள் முடிவு. கேட்கப்பட்டவர்கள் சில டஜன் பேர்தான். தெற்கில் இரவில் வரும் டொர்னாடோக்கள் அதிகம், அஸ்திவாரமில்லாத நகரும் வீடுகள் அதிகம், மரமும் மேடும் டொர்னாடோ வருவதை மறைக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். பக்தியைவிடத் தகரச் சுவருக்கே சாவில் பங்கு அதிகம் என்பதுதான் நியாயமான கணிப்பு.

கோசேனில் நடந்ததும் சிம்ஸ், பாமன் இருவரின் முடிவுக்கு ஒத்துவரவில்லை. பர்மிங்ஹாம் வானிலை அலுவலகம் ஆலயம் இடிவதற்குப் பன்னிரண்டு நிமிடம் முன்பே அந்தப் பகுதிக்கு எச்சரிக்கை விடுத்திருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு சபையை உள்ளறைகளுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அங்கே எச்சரிக்கைச் சங்கு இல்லை. ஆராதனை நேரத்தில் தொலைக்காட்சி பார்ப்பவரும் இல்லை. எச்சரிக்கையை அவர்கள் அலட்சியம் செய்யவில்லை. அது அவர்கள் காதுக்கே வரவில்லை. இடிபாடுகளைப் பார்க்க வந்த துணை அதிபர் அல் கோர், வானிலை வானொலியின் எல்லையை நாடெங்கும் விரிவாக்கும் முயற்சியில் இறங்கினார். ரூசோவின் வாதம் இப்படி நடைமுறைக்கு வந்தது: ஏன் என்ற கேள்வியில் மனிதர் விடை சொல்லக்கூடிய பகுதிக்கு மனிதர் விடை சொல்வது.

மீதிப் பகுதியைக் கிளெம் குடும்பம் நிரப்ப முயலவில்லை. நம்பிக்கை ஆட்டம் காண்பது இயல்பு என்றும், ஆட்டம் காண்பதும் இழப்பதும் ஒன்றல்ல என்றும் கெல்லி செய்தியாளர்களிடம் சொன்னார். கேட்பதற்குச் சிறிய வேறுபாடாகத் தோன்றும். விளக்கத்தின் மீது கட்டிய நம்பிக்கைக்கு இந்த வேறுபாடு கிடையாது; விளக்கம் போனால் அதுவும் போகும். ஓர் ஆளின் மீது வைத்த நம்பிக்கை, அவர் செய்வது புரியாதபோதும், கோபத்தோடும் கேள்வியோடும் தொடரக்கூடியது. டேல் கிளெம் 1997இல் எழுதிய நூலின் தலைப்பு காற்றின் சீற்றத்தையும் கிருபையின் வட்டங்களையும் தனித்தனியே வைக்கிறது. சீற்றம் காற்றுக்கு உரியதாகிறது. கிருபையோ அதற்குப் பின் சுற்றிலும் கூடியதற்கு. தேவன் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு, கூரைக்கு மேலே என்றல்லாமல் கூரைக்கு அடியில் என்று பதில் தேடும் மரபு கிறிஸ்தவத்தில் பழையது. சிலுவையே அதன் மையம். அந்த வாரமும் சிலுவைப்பாட்டின் வாரமாகவே இருந்தது.

அந்த வாரம் முழுக்க அடக்க ஆராதனைகள். இடையே சபையார் போதகரிடம் கேட்டது, இந்த வருடம் ஈஸ்டர் உண்டுதானே என்பது. ஏப்ரல் 3 விடியற்காலையில், ஆலயம் இல்லாததால், வாகனம் நிறுத்தும் இடத்தில் ஏறத்தாழ 200 பேர் கூடினார்கள். கெல்லி முகத்தில் காயத்தோடும் தோளில் கட்டோடும் வந்து நின்று ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தின் முடிவுப் பகுதியை வாசித்தார். தேவ அன்பிலிருந்து மனிதரைப் பிரிக்க முடியாதவை எவை என்று பவுல் அங்கே பட்டியல் போடுகிறார்: சாவு, வாழ்வு, வல்லமைகள், உயரம், ஆழம். காற்று தனியாக அதில் இல்லை. படைக்கப்பட்ட மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும் சொல் ஒன்று கடைசியில் வருகிறது. காற்று அதற்குள் அடங்கும்.