தோன்றா எழுவாய்

திருவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே போகும் சாலை மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்து மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பில் முடிகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, என் முதுகலை மாணவி ஒருத்தியுடன் அந்தச் சாலையில் போனேன். அவளுடைய ஆய்வேட்டின் தலைப்பு 'பளியர் பெண்களின் வாழ்வியலும் வளங்குன்றா வளர்ச்சியும்'. அவள் பையில் 28 கேள்விகள் கொண்ட வினாநிரலும் ஒப்புதல் படிவமும் இருந்தன. இரண்டையும் திருத்திக் கொடுத்தவள் நான்தான்.

எங்களை வாசலில் உட்காரவைத்துப் பதில் சொன்ன பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர், குடும்பம், தோப்பு வேலையில் கிடைக்கும் கூலி என்று முதல் எட்டுக் கேள்விகள் தடையில்லாமல் போயின. ஒன்பதாவது கேள்வி விறகைப் பற்றியது. ஒரு நாளில் விறகு சேகரிக்க எத்தனை மணி நேரம் செலவிடுகிறீர்கள் என்று மாணவி கேட்டாள். அவர் சற்று யோசித்தார்.

"ஏந் தாயி, நான் வெறகு பொறுக்குறத நல்லதுன்னு எழுதுவியா, கெட்டதுன்னு எழுதுவியா?"

மாணவி என்னைப் பார்த்தாள். என்னிடமும் பதில் இல்லை. நல்லது என்று எழுதினால், காய்ந்த சுள்ளியை மட்டும் எடுத்துக் காட்டைக் காக்கும் மூதறிவு என்று ஒரு அத்தியாயம் எழுதலாம். கெட்டது என்று எழுதினால், வனத்தின் மீதான அழுத்தம் என்று ஒரு அத்தியாயம். அந்த வாசலில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு அத்தியாயங்களிலும் எடுத்துக்காட்டாக மட்டுமே இருப்பார்.

சூழலின் நிலைபேற்றைச் சமூகத்தோடு சேர்த்துப் படிக்க மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூரின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுகலைப் படிப்புகள் உண்டு. சிறு நகரக் கல்லூரிகளில் அது தமிழ், வரலாறு, பொருளியல் மாணவிகளின் ஆய்வேடுகள் வழியாக வந்து சேர்கிறது. இளங்கலையில் எல்லாரும் எழுதும் சுற்றுச்சூழல் கல்வித் தாளிலேயே அந்தப் படம் அறிமுகமாகிவிடும்: சூழல், பொருளாதாரம், சமூகம் என்று ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள். முதல் இரண்டு வட்டங்களில் எழுத மாணவிகளிடம் நிறைய இருக்கிறது. மூன்றாவது வட்டத்தில் 'மக்கள் பங்கேற்பு', 'பாரம்பரிய அறிவு' என்று இரண்டு சொற்களை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

தமிழ் படித்தவள் என்பதால் நான் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'வளங்குன்றா வளர்ச்சி' என்னும் தொடரில் குன்றாமல் இருப்பது வளம். அங்கே மனிதர் இல்லை. இலங்கைத் தமிழில் வழங்கும் 'பேண்தகு' என்னும் சொல் எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் அதற்குள் 'பேணு' என்ற வினை இருக்கிறது. குழந்தையைப் பேணுகிறோம், நோயாளியைப் பேணுகிறோம், விருந்தினரைப் பேணுகிறோம். பேணுதல் யாரோ ஒருவரின் உழைப்பு. ஆனால் அந்த யாரோ ஒருவர் இந்தச் சொல்லிலும் இல்லை. இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. 'வந்தாள்' என்று மட்டும் சொன்னாலும் வினையின் விகுதியைக் கொண்டு 'அவள்' என்று கண்டுபிடித்துவிடலாம். 'பேண்தகு' என்பதில் அந்த விகுதியும் கிடையாது. பேணுகிறவள் யார், யாருக்காகப் பேணுகிறாள், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழி உண்டா என்ற மூன்று கேள்விகளையும் சொல்லின் அமைப்பே மறைத்துவிடுகிறது. சமூகப் பக்கத்தைப் படிப்பது என்றால் இந்த எழுவாயைத் தேடிப் போவது என்றுதான் நான் இப்போது புரிந்துகொள்கிறேன்.

1987இல் வெளியான ஐ.நா. ஆணைய அறிக்கைதான் இன்று பாடநூல்களில் இருக்கும் வரையறையைத் தந்தது. அந்த ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் ஒரு பெண், நார்வேயின் பிரதமராக இருந்த குரோ ஹார்லெம் புருன்ட்லாண்ட். வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்ற பகுதியை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தேவை என்னும்போது ஏழைகளின் அடிப்படைத் தேவைகளுக்கே முதலிடம் என்று அதே அறிக்கை அடுத்துச் சொல்வதை வகுப்பில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், இதே சாலையில் விறகுக்கட்டோடு நடந்து வந்த பெண்களைப் பார்த்து ஒரு கவிதை எழுதினேன். காடே எழுந்து நடந்து வருவதாக அதில் ஒரு படிமம். அரங்கில் கைதட்டினார்கள், ஒரு தோழி அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டாள். அந்தக் கட்டின் எடையைப் பற்றிக் கவிதையில் ஒரு சொல்கூட இல்லை. என் வீட்டில் அப்போது இரண்டு கேஸ் சிலிண்டர்கள் இருந்தன.

பெண் இயல்பிலேயே இயற்கைக்கு நெருக்கமானவள் என்ற எண்ணம் நமக்கு இனிக்கிறது. 1988இல் 'ஸ்டேயிங் அலைவ்' நூலில் வந்தனா சிவா பெண்ணையும் இயற்கையையும் இணைத்து வளர்ச்சியை விமர்சித்தபோது, அதுவரை யாரும் கணக்கில் எடுக்காத உழைப்பு வெளிச்சத்துக்கு வந்தது. அது பெரிய காரியம். 1992இல் பீனா அகர்வால் அதே இடத்தில் ஒரு தடை எழுப்பினார். காட்டோடு பெண்ணுக்கு இருக்கும் உறவு அவள் இயல்பிலிருந்து வருவதில்லை. வேலை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பவற்றிலிருந்து வருகிறது என்றார். விறகு, தண்ணீர், தீவனம் மூன்றும் அவள் தலையில் கட்டப்பட்டிருப்பதால்தான் காடு அழியும்போது முதலில் அவள் தவிக்கிறாள். இந்த விளக்கத்தில் கவிதை குறைவு. ஆனால் மாற்றக்கூடிய ஒன்றை இது காட்டுகிறது.

இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடங்கள்; ஈடுபடும் ஆண் செலவிடுவது 97. ஐ.நா.வின் 17 நிலைபேறான வளர்ச்சி இலக்குகளில் ஐந்தாவது, ஊதியமில்லாப் பராமரிப்புப் பணியை அங்கீகரிக்கச் சொல்கிறது. பேணலைப் பற்றிய பாடத்தில் இந்த 299 நிமிடங்கள் முதல் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

என் முனைவர் பட்ட ஆய்வு குறிஞ்சித்திணை பற்றியது. தினைப்புனம் காக்கும் தலைவியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பரணில் ஏறி, தட்டையும் குளிரும் ஒலித்துக் கிளி ஓட்டும் அந்தப் பெண்ணை, தலைவனைச் சந்திக்க வந்தவளாகவே படித்தேன். அவள் அங்கே வேலைக்கு வந்தவள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கதிர் முற்றி அறுவடையானதும் அவள் வீட்டுக்குள் போக வேண்டும். களவுக்கு இடம் கிடைத்ததே அந்த வேலையால்தான். இரண்டாயிரம் ஆண்டுப் பாட்டிலும் உழைப்பை அழகாகப் பார்த்துப் பழகிய கண், செண்பகத்தோப்பின் விறகுக்கட்டையும் அப்படித்தான் பார்த்தது.

அந்த மலையைப் பற்றி என் மாணவிகளுக்கு நன்றாகத் தெரிந்தவை உண்டு. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. நாட்டின் 51ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது. அந்த அணிலுக்கு மரக்கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் காடு வேண்டும், கிளை வழியாகவே அது மரம் விட்டு மரம் போகும் என்பதை முதலாண்டு மாணவியும் சொல்வாள். அதே மலையடியில் வாழும் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அமைதி. அணிலுக்கு அந்தக் காடு கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெண்ணுக்கு வேண்டியதையும் அதே அக்கறையோடு அறிந்து வைத்திருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

சட்டம் ஓரளவு அறிந்து வைத்திருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் சரணாலயங்களுக்கும் பொருந்தும். தேன், மெழுகு, மூலிகை, வேர், கிழங்கு ஆகியவற்றின் மீது காட்டில் வாழ்வோருக்கு உரிமை தருகிறது. மணமானவர்களுக்கு உரிமை ஆவணம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். புலிகள் காப்பகத்திலிருந்து ஒருவரை இடம்பெயர்க்க வேண்டுமானால் அவருடைய சம்மதமும் கிராம சபையின் சம்மதமும் வேண்டும் என்று, அதே ஆண்டு திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

சம்மதம் என்ற சொல்லில்தான் நான் தடுமாறுகிறேன். 1960களில் பளியர்களிடையே களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் சமமாக மதிப்பதையும், பூசல் வந்தால் எதிர்த்து நிற்காமல் விலகிப் போவதையும் அவர்களுடைய வாழ்வின் அடிப்படைகளாகக் கண்டார். கணவன் மனைவியை அதிகாரம் செய்யாத சமூகம் என்பதை நம் வளங்குன்றா வளர்ச்சி அத்தியாயங்களில் யாரும் வளமாகச் சேர்ப்பதில்லை. அதைவிட என்னை உறுத்துவது இரண்டாவது செய்தி. மோதலைத் தவிர்த்து விலகிப் போவது ஒரு மக்களின் அறமாக இருக்கும்போது, அவர்களுடைய மௌனத்தையும் தலையசைப்பையும் நாம் எப்படிப் படிப்பது? "சரி தாயி" என்று அந்தப் பெண் எங்கள் படிவத்தில் கைநாட்டு வைத்தார். அது சம்மதமா, அல்லது வாசலுக்கு வந்த இருவரிடம் முகத்தில் அடித்தாற்போல் பேசக்கூடாது என்ற பண்பா? ஒரு கல்லூரி ஆசிரியையின் சிறிய படிவத்துக்கே இந்தச் சந்தேகம் எழுகிறது. பெரிய படிவங்களோடு வருகிறவர்கள் இதை எத்தனை முறை கேட்டுக்கொள்ள வேண்டும்!

பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சிகளும் இருக்கின்றன. இதே மலைத்தொடரின் தெற்கே, அகத்தியமலையில், 1987இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிக்காரர்கள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரத்திலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் உரிமைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதில் குறைகள் சொன்னவர்கள் உண்டு. ஆனாலும் செடியைப் பற்றிய அறிவுக்கு விலை உண்டு என்பதையாவது அது ஒப்புக்கொண்டது. வாழ்க்கையைப் பற்றிய அறிவைப் பெற்றுக்கொண்டு பட்டம் வாங்கும் நாங்கள் திருப்பிக் கொடுப்பது என்ன? ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரி.

அமர்த்தியா சென் 2004இல் எழுதிய ஒரு கட்டுரையில், நாம் நிலைக்கச் செய்ய வேண்டியது வாழ்க்கைத் தரத்தை மட்டுமில்லை, மனிதரின் சுதந்திரங்களையும்தான் என்று வாதிட்டார். எனக்கு இது ஓர் அளவுகோலைத் தந்தது. ஒரு வாழ்க்கையை வளங்குன்றா வாழ்க்கை என்று புகழ்வதற்கு முன், அதை வாழ்கிறவள் அதை விட்டு வெளியேற முடியுமா, விரும்பினால் அதிலேயே இருக்கவும் முடியுமா என்று கேட்க வேண்டும். இரண்டும் முடியாத இடத்தில் நாம் புகழ்வது அவளுடைய வேறு வழியின்மையை.

நாங்கள் மறுபடியும் போனோம். எழுதியதை மாணவி தமிழில் வாசித்துக் காட்டினாள். அந்த அக்கா ஓரிடத்தில் கையமர்த்தி, கிழங்கு கிடைக்கும் இடங்களைச் சொன்ன பத்தியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டோம். ஆய்வேட்டில் மூன்று பக்கங்கள் குறைந்தன. களத்தரவு போதவில்லை என்று மதிப்பீட்டில் குறிப்பு வந்தது, மதிப்பெண்ணும் குறைந்தது. மாணவிக்கு அது வலித்தது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த மதிப்பெண் அவளுக்கு வேண்டியிருந்தது. சரியானதைச் செய்தோம் என்று நான் ஆறுதல் சொன்னேன். அதன் விலையை அவள் கொடுத்தாள், நான் கொடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அடுத்த ஆண்டு முதல், பேசியவர்கள் நீக்கச் சொன்னதை நீக்கிய ஆய்வேட்டுக்கு அதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று துறைக் கூட்டங்களில் கேட்டு வருகிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு அந்த அக்கா தன் மகளைப் பற்றியும் பேசினார். "எம் மக நர்சுக்குப் படிக்கணும். படிச்சிட்டு இங்கனயேதான் இருக்கணும். கேசும் வேணும், காடும் வேணும்." எங்கள் மூன்று வட்டங்களில் எதிலும் அடங்காத வாக்கியம் அது.

ஒன்பதாவது கேள்வியை மாணவி மாற்றி எழுதியிருந்தாள். விறகுக்குப் போகாமல் இருக்க முடிந்தால் அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "தூங்குவேன் தாயி."

ஆய்வேட்டின் முதல் வரியாக அதைத்தான் வைத்தாள்.