விசாரணை முடியும்வரை குழந்தை எங்கே?

பிரிந்த பெற்றோரில் குழந்தை யாரிடம் வளர வேண்டும்? 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டமும் குழந்தையின் நலனையே அளவுகோலாக வைக்கின்றன. ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கட்டும் என்ற விதியும் அந்த நலனுக்கு உட்பட்டதே.

பெற்றோரில் ஒருவர்மீது வன்முறைப் புகாரோ பாலியல் புகாரோ எழும்போதுதான் குடும்ப நல நீதிமன்றத்துக்குச் சோதனை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வரும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளலாம். அதுவரை புகாருக்கு உள்ளானவர் குழந்தையைப் பார்க்கும் வார இறுதிச் சந்திப்பை அனுமதிப்பதா, நிறுத்துவதா?

பழிவாங்கப் புனைந்த புகார்களும் உண்டு. பொய்யால் பிள்ளையைப் பிரிந்திருக்கும் தகப்பனின் வேதனை சிறிதல்ல. மூன்று வயதுக் குழந்தை ஓராண்டு பார்க்காவிட்டால் முகத்தையே மறந்துவிடக்கூடும். இந்த இழப்பைக் குறைத்துப் பேசுவது அறமாகாது.

ஆனாலும் இரண்டு தவறுகளின் எடையும் ஒன்றல்ல. தள்ளிப்போன சந்திப்பைக் காலம் கடந்தாவது திருப்பித் தரலாம். துன்புறுத்துபவரிடம் ஒப்படைத்த குழந்தைக்கு நேர்ந்ததை எந்த மேல்முறையீட்டாலும் அழிக்க முடியாது. குற்றவியல் நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்பது சரி. அங்கே ஒருவரின் விடுதலையே பறிபோகலாம். குழந்தை யாரிடம் என்ற வழக்கில் குடும்ப நல நீதிமன்றம் யாரையும் சிறைக்கு அனுப்பத் தீர்ப்பெழுதுவதில்லை. குழந்தைக்கு ஆபத்து நேரக்கூடுமா என்பதே அதன் கேள்வி. சாட்சியம் போதாமல் விடுதலையானவர் என்பதாலேயே ஒருவர் பாதுகாப்பானவர் ஆகிவிடமாட்டார். சந்திப்பு குழந்தையின் நலனுக்குக் கேடு என்று கருதினால் மாஜிஸ்திரேட் அதை மறுத்தே ஆக வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். குழந்தை யாரிடம் வளர்வது என்ற எல்லா வழக்குகளிலும் இந்தத் தெளிவு வேண்டும். முழுத் தடைக்கும் தனிச் சந்திப்புக்கும் நடுவே, பயிற்சி பெற்ற ஆலோசகரின் கண்முன் நடக்கும் சந்திப்பு என்ற வழியும் இருக்கிறது.

விவரம் அறிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கருதலாம் என்பது 1890 சட்டத்திலேயே உள்ளது. அதற்காக, “அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?” என்று கேட்பது கொடுமை. பயந்தால் யாரிடம் ஓடுவாய், இரவில் யார் பக்கத்தில் தூங்குவாய் என்று பொறுமையாகப் பேசினால் பிள்ளையே சொல்லும். ஒரு தரப்பு பிள்ளையின் மனத்தைக் கலைக்கும் ஆபத்து உண்மைதான். 2017இல் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் அதைப் பேசியது. ஆனால் பிள்ளையின் அச்சத்தை விசாரிக்காமலே ‘சொல்லிக்கொடுத்த பேச்சு’ என்று தள்ளுவதை எந்த நியாயமும் ஏற்காது.

நீதிபதிகளிடம் வேண்டுவது ஒன்றே: துன்புறுத்தல் புகாரை முதலில், விரைவாக விசாரியுங்கள், சந்திப்பு நேரத்தை அதன் பிறகு குறியுங்கள்.